பதினான்காம் நம்பர் வீட்டில் ஒரு மணி நேரம்

தம்பி, பாப்பா, ரெண்டு பேரும் இதை நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். தம்பி பெங்களூரில் இருந்து போன் போடும்போதெல்லாம் கேட்கிறான், "நாம குடியிருக்கிற வீட்டை நாமே வாங்கறதுக்கு ஏம்பா இவ்வளவு அலையறீங்க?" என்று. பாப்பா கேட்பதில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே என் முகத்தைப் பார்க்கிறாள். ரெண்டு பேருக்கும் இதுவரை நான் சொன்ன பதில் ஒன்றுதான். "ஆபீஸ்காரங்க அப்படித்தான்." அது பாதி நிஜம். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. வாயால் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்த ஃபிட்டர். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆபீஸ், எந்த அம்மா, எந்த சார் என்று பெயர் எழுதவில்லை. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் ஒரு நகரத்தில் உள்ள அரசாங்க வீட்டு வசதி ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். அங்கே யாரும் என்னிடம் கை நீட்டவில்லை, யாரும் கத்தவில்லை. எல்லாரும் "உக்காருங்க" என்றுதான் சொன்னார்கள். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல். திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் அமையவில்லை.

நம் காலனி உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நாளைக்கு உங்கள் பிள்ளைகள் இதை எடுத்துப் படித்தால் புரிய வேண்டும் இல்லையா, அதனால் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கட்டிக்கொடுத்த குவார்ட்டர்ஸ். ஒரு பிளாக்குக்கு நாலு வீடு, கீழே ரெண்டு, மேலே ரெண்டு. வெளிப்பக்கமாக ஒரே படிக்கட்டு, நடுவில் ஒரு திருப்பம். நம் பிளாக்கில் பதினொன்றும் பன்னிரண்டும் கீழே. பதிமூன்றும் பதினான்கும் மேலே. கம்பெனி எனக்குக் கொடுத்த வீடு பதினான்கு. நாம் இருப்பது பதினொன்றில்.

இந்த ஒரு வரியில்தான் எல்லா வம்பும் இருக்கிறது.

காலனியில் வீடு மாற்றிக்கொள்வது சாதாரண விஷயம். நைட் ஷிப்டுக்காரன் பகலில் தூங்க வேண்டும், அவனுக்கு மெயின் ரோடு பக்கத்து வீடு ஆகாது. பின்வரிசைக்காரனிடம் கேட்பான். அவன் பெண்டாட்டிக்குப் பின்வரிசையில் தண்ணீர் சரியாக வரவில்லை என்றால் சரி என்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், சாமான் மாறிவிடும். அதற்கு ஒரு முறை இருந்தது. பூட்டு, ஃபேன், டியூப்லைட், குழாய் இதெல்லாம் அவனவனுடையது, கழற்றிக்கொண்டு போகலாம். சுவரில் அடித்த ஆணியைப் பிடுங்கக் கூடாது, அது வீட்டோடு சேர்ந்தது. கம்பெனியில் சொன்னால் மேலதிகாரி தலையைக்கூடத் தூக்க மாட்டார். "உங்களுக்குள்ள பாத்துக்கங்கப்பா, ரெஜிஸ்டரை எல்லாம் கிண்டாதீங்க." ஆக, ரெஜிஸ்டரில் ஒரு நம்பர், குடியிருப்பது ஒரு நம்பர். ரேஷன் கார்டு, கேஸ் புக், ஆதார் எல்லாம் ரெஜிஸ்டர் நம்பரில்தான். தபால்காரருக்கு மட்டும் நிஜம் தெரியும். பதினான்கு என்று போட்ட தபாலைப் பதினொன்றில் போட்டுவிட்டுப் போவார்.

நாம் எப்படிக் கீழே வந்தோம் என்று பாப்பாவுக்கு நினைவிருக்காது. நாலு வயதில் ஆபரேஷன் முடிந்து, ரெண்டு காலிலும் மாவுக்கட்டோடு வந்தாள். நான் தூக்கிக்கொண்டு படியில் ஏறினேன். திருப்பத்தில் கட்டு சுவரில் இடித்து, குழந்தை வீறிட்டுக் கத்தினாள். கீழ்வீட்டுக் கதவு திறந்தது. உங்கள் பாய்லர் மாமா.

அவர் வேப்பனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்குக்காரர், பாய்லர் செக்‌ஷன். உங்கள் அம்மாவைச் 'செல்லெம்மா' என்று தங்கை முறை வைத்துக் கூப்பிடுவார், என்னைத் தங்கை புருஷன் என்று 'பாவா' என்பார், அதனால்தான் உங்களுக்கு மாமா. மறுநாள் காலையில் பார்த்தால் ஃபேனைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கையில் பூட்டோடு நம் வாசலில் நிற்கிறார்.

"என்ன மச்சான் இது?"

"வீட்டைக் காலி பண்ணு பாவா. கீழ புழுக்கம் தாங்கல. மேலதான் காத்து வருது."

"காத்தா? மொட்டை மாடி சூடு எறங்கற வீடு மச்சான் இது."

"பாய்லர்காரனுக்கு நீ சூடு பத்திச் சொல்றியா? நகரு."

அவ்வளவுதான். நன்றி சொல்ல அவர் இடமே கொடுக்கவில்லை. அதன்பிறகு நான் பதினொன்றின் வாசலில் சிமென்ட் சரிவு போட்டேன். அதில்தான் பாப்பா முதலில் வாக்கரில், பிறகு ஊன்றுகட்டைகளில் ஏறி இறங்கினாள். இப்போது பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரைத் தானே உள்ளே விடுகிறாள், தானே எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். யாரையும் எதிர்பார்க்காமல் அவள் வாசல் தாண்டுவது அந்தச் சரிவில்தான். எனக்கு வேண்டியது பதினொன்று. அதன் விலை பற்றியோ சுவர் பற்றியோ எனக்கு ஒரு புகாரும் இல்லை. அந்தச் சரிவு உள்ள வீடு வேண்டும், அவ்வளவே.

கம்பெனி மூடினபோது காலனியை என்ன செய்வார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. பெங்களூர்க்காரன் யாரோ வாங்கி இடித்து அபார்ட்மென்ட் கட்டப்போகிறான் என்று டீக்கடையில் சொன்னார்கள். அப்புறம்தான் நகரத்து ஆபீஸ் மொத்தக் காலனியையும் வாங்கிவிட்டது என்று தெரிந்தது. வாங்கி, வீடு வீடாகப் பிரித்து, குடியிருக்கிறவர்களுக்கே விற்பார்களாம். ஆளுக்கு ஒரு வீடு, தவணையில். நியாயமான திட்டம்தான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அன்று எதிர் பிளாக்கில் கேசரி கிண்டினார்கள்.

ஃபாரம் வந்தது. காலனியில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. கன்னடம், தெலுங்கு, சிலருக்கு எதுவுமே எழுத வராது. "நீ எழுதுப்பா, உன் எழுத்துதான் நிறுத்தி எழுதின மாதிரி இருக்கும்" என்று என்னிடம் வந்தார்கள். எனக்கும் பெருமை, பொய் சொல்வானேன். வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவருக்காக எழுதினேன். அதில் ஒரு கட்டம், 'தற்போது குடியிருக்கும் வீட்டு எண்' என்று. பேனா அங்கே நின்றது.

ஃபிட்டர் வேலையில் எங்களுக்குப் பழக்கிய பாடம் ஒன்று உண்டு. நாம் செய்கிற பீஸ், அதற்கு வரைந்து கொடுத்த ட்ராயிங்கோடு ஒத்துப்போக வேண்டும். உன் கண்ணுக்கு எவ்வளவு சரியாகத் தெரிந்தாலும், ட்ராயிங்கில் இல்லாத அளவு என்றால் இன்ஸ்பெக்‌ஷனில் தூக்கிப் போட்டுவிடுவான். அந்தப் பாடத்தை நான் வீட்டுக்கும் பொருத்தினேன். கம்பெனி லிஸ்ட்தான் ட்ராயிங், அதில் உள்ள நம்பரே ஃபாரத்திலும் இருக்கட்டும், தள்ளுபடி ஆகாது என்று எல்லாருக்கும் ரெஜிஸ்டர் நம்பரையே எழுதினேன். பாய்லர் மாமாவுக்குப் பதினொன்று. நமக்குப் பதினான்கு. பிறகு நாங்களே மாற்றி எழுதிக்கொள்ளலாம், அதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். எழுத்துக் கூலி வேண்டாம் என்று வேறு சொன்னேன்.

இதுவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆய்வு நாளும் உங்களுக்கு நினைவிருக்கும், ஆனால் முழுசாகத் தெரியாது.

ஆபீஸிலிருந்து நேரில் பார்க்க வருகிறார்கள், லிஸ்டில் இருக்கிற வீட்டில் அந்த ஆள் இல்லையென்றால் அந்த வீட்டை வெளியாளுக்கு ஏலம் விட்டுவிடுவார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினது என்று இன்றுவரை தெரியவில்லை. ஆபீஸுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று பயம். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் காலனி ஆட்கள் என்னைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். ஃபாரம் எழுதினவன் நான்தானே. நான்தான் சொன்னேன், "ஒரே ஒரு நாள், அவனவன் ரெஜிஸ்டர் வீட்டுக்குப் போய் உக்காந்துக்கலாம். அடுப்பு, கட்டில், நாலு துணி போதும். சார் போனதும் திரும்பிடலாம்."

"ஒந்து தின தானே, ஆகலி பிடப்பா" என்றார் எதிர் பிளாக் கன்னடத்து அக்கா. ஒரு நாள்தானே, ஆகட்டும் விடு என்று. எல்லாருக்கும் அது ஏதோ திருவிழா மாதிரி ஆகிவிட்டது. காலையிலேயே கட்டில்கள் தெருவில் போய்க்கொண்டிருந்தன. ஒருத்தன் வீட்டு நாய் பழைய வாசலை விட்டு வர மாட்டேன் என்று குரைத்தது. "அதுக்கு ஃபாரம் எழுதலையா?" என்று என்னைக் கிண்டல் செய்தார்கள். நம் பைபிள் வசன காலண்டர் மாமா வீட்டு ஆணிக்குப் போனது. அவருடைய பெருமாள் படம் நம் வீட்டு ஆணிக்கு வந்தது. "செல்லெம்மா, சாமிக்குச் சாம்பிராணி போடு, மீன் கொழம்பு மட்டும் இன்னிக்கு வேண்டாம்" என்று மாமா கட்டிலைத் தூக்கிக்கொண்டே கத்தினார்.

பாப்பாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நானும் தம்பியுமாகத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினோம். வளர்ந்த பெண்ணை அப்படித் தூக்கும்போது அக்கம்பக்கம் எல்லாம் வேடிக்கை பார்த்தது. பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள். திருப்பத்தில் கேட்டாள், "எவ்ளோ நேரம்பா?"

"ஒரு மணி நேரம்."

"கரெக்டா?"

"கரெக்டா."

ஆய்வுக்கு வந்தவர் சின்ன வயசு. தெற்குச் சீமைப் பேச்சு. கையில் அட்டையோடு வீடு வீடாகப் போனார். கீழே பதினொன்றில் அவர் மாமாவோடு பேசுவது எனக்கு மேலே கேட்டது.

"வாசல்ல இந்தச் சரிவு எதுக்கு அண்ணாச்சி?"

அதை மறந்தே போயிருந்தோம். கட்டிலைத் தூக்கலாம், சிமென்டைத் தூக்க முடியுமா?

"எனக்கு முட்டி வலி சார்" என்றார் மாமா, கொஞ்சமும் தயங்காமல். "படி ஏற முடியல. மேல்வீட்டு ஃபிட்டரு போட்டுக் குடுத்தாரு. நல்ல மனுஷன்."

நான் மேலே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இப்போது இருக்கிறது.

பிறகு ஆய்வுக்காரர் மேலே வந்தார். ஆதார் பார்த்தார், ரேஷன் கார்டு பார்த்தார், எல்லாம் பதினான்கு, எல்லாம் ஒத்துப்போனது. பாப்பாவைப் பார்த்தார், சுவரில் சாய்த்திருந்த கட்டைகளைப் பார்த்தார். நான் வழியனுப்பக் கூடவே இறங்கினேன். படித் திருப்பத்தில் நின்றுவிட்டார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்தார், அது ஆடியது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மேலே கேட்காதபடி மெல்லக் கேட்டார்.

"இந்தப் புள்ள எப்படி அண்ணாச்சி தெனமும் ஏறி எறங்குது?"

அவர் குற்றம் கண்டுபிடிக்கக் கேட்கவில்லை. அது எனக்கு அப்போதே தெரிந்தது. அந்தக் குரலில் அப்படி ஒன்றும் இல்லை. உண்மையைச் சொல்ல எனக்கு யாரோ கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது. "சார், நாங்க கீழதான் இருக்கோம், மாத்திக்கிட்டோம்" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் மொத்தக் காலனியும் கட்டில் மாற்றி உட்கார்ந்திருக்கிறது. மாமா இப்போதுதான் முட்டி வலி சொல்லியிருக்கிறார். ஏற்பாடு செய்தவன் நான்.

"பழகிட்டா சார்" என்றேன்.

அவர் அட்டையில் ஏதோ எழுதினார். போய்விட்டார்.

பாப்பா, நீ அன்றைக்கு உட்கார்ந்திருந்தது ஒரு மணி நேரம் இல்லை. மத்தியானம் வரைக்கும். நீ அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படித் திருப்பத்தில் அவருக்குச் சொன்ன பதிலை நானும் உன்னிடம் சொல்லவில்லை.

ஒதுக்கீட்டு ஆணை வந்தபோது அதில் பதினான்கு என்றுதான் இருந்தது. எல்லாருக்கும் அப்படியே, அவரவர் ரெஜிஸ்டர் வீடு. மற்றவர்களில் சிலர் ரெஜிஸ்டர் வீட்டுக்கே குடிபோய்விட்டார்கள், தண்ணீருக்காகவும் காற்றுக்காகவும் மாற்றிக்கொண்டவர்கள்தானே. சண்டை போட்டவர்களும் உண்டு. நானும் மாமாவும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டு ஒரு மனு எழுதிக்கொண்டு ஆபீஸுக்குப் போனோம். ரெண்டு வீட்டையும் மாற்றித் தாருங்கள், ரெண்டு பேருக்கும் சம்மதம் என்று. இதில் என்ன தடை வரப்போகிறது என்று பஸ்ஸில் ஜோக் அடித்துக்கொண்டு போனோம்.

அந்த ஆபீஸில் வீடு வாங்குகிற பிரிவு ஒரு பக்கம், விற்கிற பிரிவு ஒரு பக்கம். நடுவில் ஒரு பச்சை பீரோ. விற்கிற பிரிவில் ஒரு அம்மா, பொறுமையானவர்.

"இப்ப மாத்த முடியாதுங்க. வீடு இன்னும் உங்க பேருக்கு வரலை. உங்களுது இல்லாததை நீங்க எப்படி மாத்திக் குடுப்பீங்க?"

"சரிங்க மேடம், பத்திரம் ஆனதும் மாத்திக்கிறோம்."

"பத்திரம் ஆனா அஞ்சு வருஷத்துக்கு விக்கவோ மாத்தவோ கூடாது. பத்திரத்துலயே எழுதியிருக்கும்."

"அப்ப எப்பதாங்க மாத்தறது?"

"அதாங்க சொல்றேன். மாத்த முடியாது."

மாமா குனிந்து என் காதில், "பாவா, இந்தம்மா பாய்லர்ல வேலை பாத்திருக்கணும். எந்தப் பக்கம் வால்வைத் திருகினாலும் மூடுது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லிஸ்ட் தப்பு என்று சொல்லிப் பார்த்தேன். "லிஸ்ட் எங்களுது இல்லை, வாங்கும்போது கம்பெனி குடுத்தது, அந்தப் பக்கம் கேளுங்க" என்றார். பீரோவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அங்கே இருந்த சார், "நாங்க காலனியை மொத்தமா வாங்கினோம். உள்ள எந்த வீட்ல யாருன்னு பார்க்கிறது விக்கிறவங்க வேலை" என்றார். மறுபடி இந்தப் பக்கம். இப்படி அந்தப் பீரோவை நான் எத்தனை தடவை சுற்றினேன் என்று கணக்கில்லை. கோயில் தூணைச் சுற்றினாலாவது புண்ணியம் கிடைக்கும் என்றார் மாமா.

கடைசியில் அந்த அம்மாவே ஒரு வழி சொன்னார். வீட்டில் மாற்றுத்திறனாளி இருந்தால் கீழ்த்தளம் கேட்டு விண்ணப்பம் கொடுக்கலாம், அதற்கு விதி இருக்கிறது. எனக்கு உயிர் வந்தது. சான்றிதழ் நகல், பாப்பாவின் போட்டோ எல்லாம் வைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் போனபோது அந்த அம்மா ஃபைலைத் திறந்து, என் முகத்தைப் பார்க்காமல் ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். ஆய்வு அறிக்கை. பதினான்காம் எண்ணுக்கு எதிரே, பேனாவால் எழுதியிருந்தது: 'மகள் மாற்றுத்திறனாளி. மாடிப்படி ஏறி இறங்கப் பழகியவர் எனக் குடும்பத் தலைவர் கூறினார்.' அதே தாளில் சில வரி முன்னால், பதினொன்றுக்கு எதிரே: 'குடியிருப்பவருக்கு மூட்டு வலி. தனக்கெனச் சாய்தளம் அமைத்துள்ளார்.'

"நீங்கதான சொல்லியிருக்கீங்க?" என்றார் அந்த அம்மா. திட்டுகிற மாதிரிகூட இல்லை.

நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் ரெண்டு பஸ் வந்து போகும்வரை ஏறத் தோன்றவில்லை.

இதற்கு நடுவில் மாமாவின் மருமகன் வந்தார். பாகலூர் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். மாமாவுக்கு வேலை போனபிறகு தவணை கட்டப்போவது அவர்தான். பதினொன்று ரோட்டைப் பார்த்த வீடு, கம்பெனி பஸ்கள் திரும்புகிற இடம். முன்ரூமைத் திறந்து ஜெராக்ஸும் மொபைல் கடையும் வைக்கலாம் என்று அவருக்கு எண்ணம். கெட்ட பையன் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, உங்கள் அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"சித்தப்பா, நானும் புள்ளகுட்டிக்காரன். பேப்பர்ல எது எங்களுதோ அதைத்தான் கேக்கறேன். அவசரம் இல்லை, பள்ளிக்கூட லீவு வரைக்கும் இருங்க."

பாப்பா உள்ளேயிருந்து கேட்டாள், "மேல போனா என் வண்டி எங்கப்பா நிக்கும்?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் எழுந்து போகும்போது கெடுவை மாற்றிச் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் உங்கள் அம்மாவிடம், படித் திருப்பத்தில் நான் சொன்னதைச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பழகிட்டான்னு சொன்னீங்களா?"

"ஆமா."

"எந்தப் படியில பழகினா?"

மடித்த துணியை உதறிவிட்டு மறுபடி மடித்தாள்.

மறுநாள் ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன். ஆய்வு நாளன்று நான் பொய் சொன்னேன். நானும் என் குடும்பமும் பதினொன்றில்தான் இருந்தோம், இருக்கிறோம். என் மகள் எந்தப் படியிலும் பழகவில்லை. அந்தச் சாய்தளம் அவளுக்காக நான் போட்டது. மறுபடி வந்து பாருங்கள். மற்ற வீடுகளைப் பற்றி ஒரு எழுத்துகூட எழுதவில்லை. ஆனாலும் காலனியில் எப்படியோ தெரிந்துவிட்டது. "உன் ஒரு வீட்டுக்காக எல்லார் கதவையும் தட்ட வைக்கப் போறியா? ஃபாரம் எழுதினதும் நீ, கட்டில் மாத்தச் சொன்னதும் நீ, இப்ப மட்டும் உனக்கு உண்மை வந்திடுச்சா?" என்று தண்ணீர்க் குழாயில் வைத்துக் கேட்டார்கள். கேட்டது சரிதான்.

மாமாவிடம் போய்க் கையெழுத்துக் கேட்டேன். அவர் தாளை ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"நான் இதுல கையெழுத்துப் போட்டா என் பொண்ணு வீட்ல எனக்குச் சோறு எறங்காது பாவா."

"தெரியும் மச்சான்."

"ஆனா திரும்ப விசாரிக்க வந்தா, கேட்டா, எனக்கு முட்டி வலி இல்லேன்னு சொல்லிடுவேன். கேக்கலேன்னா வாயைத் தொறக்க மாட்டேன்." தாளைத் திருப்பி என் கையில் கொடுத்தார். "நீ ஏன்யா அன்னிக்கே அந்தப் பையன்கிட்ட சொல்லல? நான் உளறினேன்னா நான் படிக்காதவன். நீ எழுதறவன்."

நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆபீஸில் அந்த அம்மா அதை முழுக்கப் படித்தார். "இது உங்க மேலயே திரும்பலாங்க. பொய்த் தகவல்னு சொல்லி ஒதுக்கீட்டையே ரத்து பண்ணவும் இடம் இருக்கு. குடுக்கறீங்களா, யோசிச்சிட்டு வர்றீங்களா?" என்று கேட்டார். கொடுக்கிறேன் என்றேன். சீல் போட்டு நகலைத் தந்தார். மறு ஆய்வு எப்போது என்று கேட்டேன். "சொல்லி அனுப்புவாங்க." யார் சொல்லி அனுப்புவார்கள் என்று கேட்டேன். பீரோவுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

இவ்வளவுதான் என்னிடம் இருந்த மீதிப் பாதி. பதினொன்று நமக்குக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. ரெண்டு வீடும் இல்லாமல் போகுமா என்றும் தெரியாது. ஆபீஸ் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. வீடு வாங்கவும் விற்கவும் தெரிந்தவர்களுக்கு, வீட்டுக்குள் யார் எப்படி நடக்கிறார்கள் என்று பார்க்க ஒரு பிரிவு இல்லை. ஆனால் ஒரே ஒருத்தர் நின்று கேட்டார். அவருக்கு நான் பொய் சொன்னேன்.

மனு கொடுத்துவிட்டு வந்த அன்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள், பாப்பா வேலையில். மாமாவும் ஊருக்குப் போயிருந்தார். நான் படிக்கட்டுக்குப் போய், பாப்பா வைக்கிற மாதிரி இடது காலை மடக்காமல் கட்டையாக வைத்துக்கொண்டு, கைப்பிடியை மட்டும் பிடித்து ஏறிப் பார்த்தேன். கீழே இருந்து திருப்பம் வரைக்கும் ஒன்பது படி. திருப்பத்தில் உடம்பின் பாரத்தை எல்லாம் கம்பி மேல் போட வேண்டியிருந்தது. கம்பி ஆடியது, அன்றைக்கு ஆடின மாதிரியே. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு இறங்கிப் போய் பழைய டூல் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்தேன். சுவரோரம் ரெண்டு போல்ட் துருப்பிடித்து நின்றன. எண்ணெய் விட்டு, ஊற வைத்து, ஒவ்வொன்றாக முறுக்கினேன். கம்பியை ரெண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஆடவில்லை.